பள்ளி உடற்கல்வியை அளப்பதும் சீராக்குவதும்: ஒரு முழுமையான வழிகாட்டி

40 பேர் கொண்ட வகுப்பு, கையில் 2 பந்து. மணி அடித்து, வரிசை கட்டி, படியிறங்கி மைதானத்துக்கு வந்து, வருகைப் பதிவு முடிவதற்குள் 8 நிமிடம் போய்விட்டது. அப்புறம் வரிசைக்கு 20 பேராக இரண்டு வரிசை. முன்னால் நிற்பவர் பந்தை உதைத்து, ஓடிப்போய் எடுத்து வந்து அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். ஆளுக்கு 15 விநாடி என்று வைத்தாலும் ஒரு சுற்று முடிய 5 நிமிடம். ஒவ்வொரு பிள்ளையும் 15 விநாடி ஓடிவிட்டு, மீதி நாலே முக்கால் நிமிடம் சும்மா நிற்கிறது.

வரிசையின் கடைசியில் ஒரு பெண் நிற்கிறாள். தோழிகளின் கைக்கடிகாரங்களும் தண்ணீர் பாட்டில்களும் அவள் கையில் இருக்கும் துணிப்பையில். தன் முறை நெருங்கும்போதெல்லாம் பின்னால் வருபவருக்கு வழிவிட்டு மறுபடி கடைசிக்குப் போய்விடுகிறாள். பையைப் பார்த்துக்கொள்வது ஒரு பொறுப்பான வேலை போலத் தெரிவதால் யாரும் அவளை எதுவும் கேட்பதில்லை.

உடற்கல்வி எப்படிப் போகிறது என்று கேட்டால் பெரும்பாலான பள்ளிகளில் கோப்பை அலமாரியைத்தான் காட்டுவார்கள். அந்தக் கோப்பைகளை வாங்கி வந்த 15 பேருக்கு மைதானம் எப்போதும் திறந்தே இருக்கும். அவர்கள் வகுப்பு இல்லாவிட்டாலும் விளையாடுவார்கள். பள்ளியின் உடற்கல்வி எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பை வைத்திருக்கும் பெண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்த வழிகாட்டி முழுவதும் அவளை மனத்தில் வைத்து எழுதியது.

முதல் படி: யார் சேர்ந்து பார்ப்பது

5 அல்லது 6 பேர் போதும். உடற்கல்வி ஆசிரியர், தலைமை ஆசிரியர், ஒரு வகுப்பாசிரியர், ஒரு பெற்றோர், 2 மாணவர்கள் என்று அமைத்துக்கொள்ளலாம். மாணவர்களில் ஒருவராவது விளையாட்டுப் பாடவேளை என்றாலே முகம் சுருங்குகிறவராக இருக்கட்டும். அணித்தலைவர்களை மட்டும் அழைத்து உட்கார வைத்தால், வரும் பதில்கள் எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவையாகத்தான் இருக்கும்.

தொடங்கும்போதே உடற்கல்வி ஆசிரியரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: நடக்கும் முறையைத்தான் பார்க்கப்போகிறோம், அவரை எடைபோட இல்லை. பல பள்ளிகளில் அவர் ஒற்றை ஆள். ஒழுங்கு, அணிவகுப்பு, விழா மேடை, போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவது என்று எல்லாம் அவர் தலையில்தான் விழும். அவர் நம்பிக்கையோடு உடன் வந்தால்தான் உண்மையான எண்கள் கிடைக்கும்.

கண்டுபிடிக்க வேண்டியவை நான்கே நான்கு. பாடவேளை உண்மையில் நடக்கிறதா? நடக்கும்போது பிள்ளைகள் அசைகிறார்களா? எதையாவது கற்றுக்கொள்கிறார்களா? மறுபடி வர விரும்புகிறார்களா?

இரண்டாம் படி: காகிதத்தில் உள்ள நேரமும் கையில் கிடைத்த நேரமும்

கால அட்டவணையில் வாரம் 2 பாடவேளை, 40 நிமிட வீதம் 80 நிமிடம் என்று எழுதியிருக்கும். 4 வாரம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். எத்தனை நடந்தன, எத்தனையைத் தேர்வுக்காக வேறு பாடத்துக்குக் கொடுத்தார்கள், எத்தனை மழையில் போயின, எத்தனை விழா ஒத்திகையில் கரைந்தன? நடந்த பாடவேளையிலும் முதல் பிள்ளை அசையத் தொடங்கிய நேரத்தையும், திரும்ப வரிசை கட்டச் சொன்ன நேரத்தையும் குறிக்க வேண்டும். 4 வாரத்துக்கு 320 நிமிடம் என்று இருப்பது பாதியாகச் சுருங்கியிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். எங்கே ஒழுகுகிறது என்பது இப்போது எழுத்தில் கிடைத்துவிட்டது, அதுதான் முக்கியம்.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு அளவுகோல்கள் உதவும். 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் வாரம் முழுவதையும் சேர்த்து நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மிதமாகவோ தீவிரமாகவோ உடலை இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அதில் வாரம் 3 நாளாவது மூச்சு வாங்கும் அளவு இயக்கமும், தசைக்கும் எலும்புக்கும் வலு சேர்க்கும் இயக்கமும் இருக்க வேண்டும். உடற்கல்விக்கென்றே ஒதுக்க வேண்டிய நேரமாக, அமெரிக்க உடற்கல்வி ஆசிரியர்களின் தேசிய அமைப்பான ஷேப் அமெரிக்கா தொடக்கப் பள்ளிக்கு வாரம் 150 நிமிடமும், அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு 225 நிமிடமும் பரிந்துரைக்கிறது. பல பள்ளிகளுக்கு இது எட்டாத உயரம்தான். ஆனாலும் நாம் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். 11 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 81 சதவீதம் பேருக்கு அந்தத் தினசரி 60 நிமிடம் கிடைப்பதில்லை என்று 2016ஆம் ஆண்டுவரையிலான உலகத் தரவுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்டார்கள். பெண்களில் அது 85 சதவீதம்.

மூன்றாம் படி: ஓரமாக உட்கார்ந்து எண்ணுவது

இந்த வழிகாட்டியிலேயே கனமான படி இதுதான். மற்ற எதற்கும் நேரமில்லை என்றாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

உடற்கல்வி வகுப்பைக் கண்ணால் பார்த்து அளப்பதற்கு டாம் மெக்கன்ஸியும் அவரது குழுவினரும் 1991இல் சோஃபிட் என்ற முறையை வெளியிட்டார்கள். இன்றும் ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். கருவி என்று பார்த்தால் ஒரு கடிகாரமும் தாளும் பென்சிலும்தான். ஒரு பிள்ளையை 10 விநாடி பாருங்கள், அடுத்த 10 விநாடியில் குறியுங்கள். அந்த நொடியில் பிள்ளை படுத்திருந்தால் 1, உட்கார்ந்திருந்தால் 2, நின்றால் 3, நடந்தால் 4, நடையைவிடத் தீவிரமாக எதையாவது செய்தால் 5. ஒரே பிள்ளையை 4 நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த பிள்ளைக்கு மாற வேண்டும். இப்படி 4 பேரைச் சுழற்சி முறையில் பார்த்துக்கொண்டே போகலாம். 4ம் 5ம் சேர்ந்ததுதான் அசைந்த நேரம்.

யாரைப் பார்ப்பது என்பதை வகுப்பு தொடங்கும் முன் சீட்டுக் குலுக்கி முடிவு செய்துவிடுங்கள். கண்ணைத் தன்போக்கில் விட்டால் அது நன்றாக ஓடுகிறவர்களிடமே போய் நிற்கும். பக்கத்து நிரலில் அந்த நேரத்தில் வகுப்பில் என்ன நடந்துகொண்டிருந்தது என்றும் குறியுங்கள்: வரிசை கட்டுவது, பொருள் எடுப்பது போன்ற ஏற்பாடு, ஆசிரியரின் விளக்கம், உடல்தகுதிப் பயிற்சி, திறன் பயிற்சி, ஆட்டம்.

40 நிமிடத்துக்கு 120 குறிகள் வரும். அவற்றில் 34 மட்டும் 4 அல்லது 5 என்றால், அசைந்த நேரம் 28 சதவீதம். பாடவேளையில் பாதியாவது அசைவாக இருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட இலக்கு. ஒரு வகுப்பை வைத்து எதையும் முடிவு செய்துவிட வேண்டாம். வெவ்வேறு வகுப்புகளில், வெவ்வேறு நாள்களில், குறைந்தது 6 பாடவேளைகளைப் பார்த்தால் ஒரு உருவம் தெரியும்.

நான் முதன்முதலில் எண்ணச் சொன்னது என் சொந்த வகுப்பைத்தான். கலகலப்பான வகுப்பு என்றே அதை நம்பியிருந்தேன். அவ்வளவு சத்தம், அவ்வளவு சிரிப்பு. உடன் பணிபுரிந்த ஒருவர் ஓரத்தில் உட்கார்ந்து எண்ணிக் கொடுத்த தாளில் 3, 3, 3 என்று வரி வரியாகப் போனது. நடுவில் அங்கங்கே ஒரு 5. சீட்டில் வந்த நான்காவது பிள்ளைக்கு ஒரு 5 கூட இல்லை. பக்கத்து நிரலைப் பார்த்தபோதுதான் உறைத்தது. நின்றிருந்த நேரத்தில் பெரும்பகுதியை நின்று கேட்கும்படி வைத்தது என்னுடைய பேச்சு. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

நான்காம் படி: கற்றது என்ன

ஓடி வியர்த்தால் மட்டும் கல்வி ஆகிவிடாது. ஆண்டின் தொடக்கத்தில் செய்ய முடியாத எதை இந்தப் பிள்ளை இப்போது செய்கிறது என்பதற்குப் பதில் வேண்டும். தாண்டுதல், ஒற்றைக்காலில் துள்ளுதல், பிடித்தல், எறிதல், உதைத்தல், சமநிலையில் நிற்றல் போன்ற அடிப்படை அசைவுகளைச் சின்ன வகுப்பிலேயே முறையாகப் பழக வேண்டும். அவை கைவராத பிள்ளைகள்தான் பெரிய வகுப்பில் ஓரத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள்.

தலைக்கு மேலே கை தூக்கி எறிவதை எடுத்துக்கொள்வோம். தூரத்தை அளக்க வேண்டாம். எறியும் முன் உடல் பக்கவாட்டில் திரும்புகிறதா? கை கீழிறங்கிப் பின்னால் சுழன்று வருகிறதா? எறியும் கைக்கு எதிர்ப்பக்கக் கால் முன்னே அடி வைக்கிறதா? பந்து போன பிறகு கை உடலைக் குறுக்கே தாண்டுகிறதா? நான்கு கேள்வி, ஆம் இல்லை என்று குறித்தால் போதும். ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. பலருக்கும் தவறிப்போவது மூன்றாவது. வலது கையால் எறியும் பிள்ளை வலது காலையே முன்னால் வைக்கும். அந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பாதம் வரைந்து 'இடது கால் இங்கே' என்று சொல்லிப் பாருங்கள். சில நாளில் எறியும் விதமே மாறும். தாளில் இருக்கும் ஒரு 'இல்லை' இப்படித்தான் அடுத்த வாரத்தின் பாடமாகிறது.

உடல்தகுதிச் சோதனைகளில் கவனம் தேவை. 20 மீட்டர் ஓட்டச் சோதனையில் ஒலிப்பதிவின் ஓசைக்கு ஏற்ப முன்னும் பின்னும் ஓட வேண்டும், நிமிடத்துக்கு நிமிடம் வேகம் கூடும். கனடாவில் லூக் லெஜே 1980களின் தொடக்கத்தில் உருவாக்கியது இது. நல்ல கருவிதான். ஆனால் எல்லாரும் பார்க்க நடத்தினால், முதலில் வெளியேறும் பிள்ளை மொத்த வகுப்பும் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும். சிறு குழுவாக நடத்துங்கள், முடித்தவருக்கு உடனே ஒரு வேலை கொடுங்கள், முடிவை அந்தப் பிள்ளையிடம் மட்டும் சொல்லுங்கள். ஒரே வகுப்பில் ஒருவர் வளர்ச்சிப் பருவத்தைத் தாண்டியிருப்பார், இன்னொருவர் தொடங்கியே இருக்கமாட்டார். இருவர் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. போன முறை அதே பிள்ளை எடுத்த எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். எடை பார்ப்பது என்றால் தனி அறையில், காரணம் இருந்தால் மட்டும். வகுப்பு முன்னிலையில் வேண்டவே வேண்டாம்.

ஐந்தாம் படி: பிள்ளைகளிடம் கேட்பது

பெயர் எழுதாத துண்டுச் சீட்டு போதும். போன வாரம் எப்போது நன்றாக விளையாடினோம் என்று தோன்றியது? எப்போது ஒதுங்கி நிற்கத் தோன்றியது? ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்? இந்த மூன்றுக்கும் வரும் பதில்கள் நீண்ட கருத்துக்கணிப்பைவிட அதிகம் சொல்லும்.

வளரிளம் பெண்களின் சீட்டுகளைத் தனியே எடுத்து, ஒரு பெண் ஆசிரியரோடு சேர்ந்து படியுங்கள். விளையாட்டு பிடிக்கவில்லை என்ற பதில் எதிர்பார்த்த அளவுக்கு இருக்காது. உடை மாற்ற இடமில்லை, மாதவிடாய் நாளில் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை, வகுப்பு முடிந்து முகம் கழுவ நேரமில்லை, சுற்றி நின்று சிரிக்கிறார்கள் என்று இருக்கும். இதில் எதற்கும் புதிய மைதானம் தேவைப்படாது. கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஓர் அறை, 5 நிமிடம் முன்னதாக முடியும் வகுப்பு, கேள்வி கேட்காமல் விடுப்போ மாற்று வேலையோ தரும் ஒரு ஏற்பாடு, சிரிப்பவர்களைக் கண்டிக்க ஓர் ஆசிரியர். இவ்வளவுதான்.

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகள் வகுப்பு நேரத்தில் எங்கே இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஸ்கோர் எழுதுவதும் பை காப்பதும் பங்கேற்பு ஆகாது. உடற்கல்வி எல்லாருக்கும் அடிப்படை உரிமை என்று யுனெஸ்கோவின் சாசனம் 1978இலேயே அறிவித்தது. 2015இல் அதைத் திருத்தி எழுதியபோது, யாரையும் விலக்காமல் சேர்த்துக்கொள்வதை இன்னும் அழுத்தமாகச் சொன்னார்கள். நடைமுறையில் இடம், செயல், பொருள், ஆள் என்ற நான்கில் ஒன்றை மாற்றினாலே பல கதவுகள் திறக்கும். ஆடுகளத்தைச் சுருக்கலாம், பந்து இரண்டு முறை தரையில் பட அனுமதிக்கலாம், உள்ளே மணி வைத்த பந்து தரலாம், இணை ஆளைச் சேர்க்கலாம். எது வசதி என்பதை அந்தப் பிள்ளையிடமே கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

ஆறாம் படி: மைதானமும் பொருள்களும்

இதற்கு ஒரு காலைப்பொழுது போதும். தரையில் குழி, கம்பி, கண்ணாடித் துண்டு இருக்கிறதா? நகர்த்தக்கூடிய கோல் கம்பங்கள் தரையோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்கின்றனவா? அவை கவிழ்ந்து விழுந்தால் உயிரே போகும். நிழல், தண்ணீர், முதலுதவிப் பெட்டி எங்கே? ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் அறையில் பூட்டிக் கிடக்காமல் மைதானத்துக்கு வருகிறதா? தலையில் அடிபட்டவரை அன்று மறுபடி ஆட விடக்கூடாது என்பது எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியுமா? கடைசியாக, பொருள் அறையைத் திறந்து எண்ணுங்கள். புதிதாகவே இருக்கும் பந்துகள் கிழிந்துவிடும் என்ற பயத்தில் உள்ளே கிடந்தால், இன்றைக்கே வெளியே எடுங்கள்.

ஏழாம் படி: எல்லாவற்றையும் தொடாதீர்கள்

நோட்டு, குறித்த தாள்கள், சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பினால் 20 குறைகளாவது தெரியும். ஒரு பருவத்துக்கு 2 அல்லது 3 மட்டும் எடுங்கள். தேர்ந்தெடுக்க ஒரே அளவுகோல் போதும்: எதைச் சரிசெய்தால் குறைவாக அசையும் பிள்ளைக்கு அதிக நிமிடம் கிடைக்கும்? புதிய கூடைப்பந்துக் களம் அந்தக் கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்லாது. நீளமான வரிசையை உடைப்பது சொல்லும்.

எடுத்ததை எண்ணாக எழுதுங்கள். 'வகுப்பை மேம்படுத்துவோம்' என்று எழுதினால் யாரும் எதுவும் செய்யமாட்டார்கள். 'இந்தப் பருவ முடிவில் எட்டாம் வகுப்பின் அசையும் நேரம் 28 சதவீதத்திலிருந்து 45 ஆக வேண்டும். பொறுப்பு இன்னார், மறுபடி எண்ணும் வாரம் இது' என்று எழுதினால் வேலை நடக்கும்.

எட்டாம் படி: வகுப்பை மாற்றுவது

நேரம் போகும் இடம் பெரும்பாலும் வரிசையும் பேச்சும்தான். வருகைப் பதிவை வார்ம்-அப் நடக்கும்போதே எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் வந்ததும் தானாகத் தொடங்க ஒரு வேலை சுவரில் எழுதியிருக்கட்டும். விளக்கம் ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு குறிப்பு சொல்லி ஆட விட்டு, நிறுத்தி, அடுத்த குறிப்பைச் சொன்னால் பிள்ளைகளுக்கும் நினைவில் நிற்கும். எந்த வரிசையிலும் 4 பேருக்கு மேல் வேண்டாம். பந்து போதாதென்றால் பழைய துணியைச் சுருட்டிக் கட்டிய பந்து, காகிதப் பந்து என்று செய்துகொள்ளலாம். எறியவும் பிடிக்கவும் பழக அது தாராளமாகப் போதும்.

11 பேருக்கு 11 பேர் என்று ஒரே ஆட்டம் வைத்தால் பந்து நாலைந்து பேர் காலிலேயே சுற்றும். அதே இடத்தில் 3 பேருக்கு 3 பேராகச் சின்னச் சின்னக் களங்கள் போட்டால், ஒவ்வொருவரும் பந்தைத் தொட்டே ஆக வேண்டும். பந்து பட்டால் வெளியே, கடைசியாக நிற்பவர் வெற்றி என்ற வகை ஆட்டங்களை எடுத்துவிடுங்கள். யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அவரைத்தான் அவை முதலில் உட்கார வைக்கின்றன. விட மனமில்லை என்றால், வெளியேறுபவர் ஓரத்தில் 10 முறை தாண்டிவிட்டு உடனே திரும்பலாம் என்று விதியை மாற்றுங்கள்.

அணி பிரிக்கும் வேலையை இரண்டு தலைவர்களிடம் விடாதீர்கள். கடைசியாக எடுக்கப்படும் பிள்ளை அந்த நாளை ஆண்டுக்கணக்கில் மறப்பதில்லை. அதேபோல், தவறு செய்தவரை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுத்துவிட்டு அதை வாழ்நாள் பழக்கமாக்கு என்று கேட்க முடியாது.

பெரிய வகுப்புகளுக்கு, டேவிட் பங்கரும் ராட் தோர்ப்பும் 1982இல் இங்கிலாந்தில் முன்வைத்த முறை நன்றாகப் பொருந்தும். முதலில் எளிதாக்கிய ஒரு ஆட்டத்தை ஆட விடுவார்கள். 'பந்தை ஏன் பறிகொடுத்தீர்கள், எங்கே நின்றிருந்தால் கிடைத்திருக்கும்' என்று நடுவில் கேட்பார்கள். அதற்குப் பிறகுதான் பந்தைக் கடத்தும் நுணுக்கம் வரும். தேவை புரிந்தபின் வரும் பயிற்சியைப் பிள்ளைகள் விருப்பத்தோடு செய்கிறார்கள். ஆண்டுத் திட்டத்திலும் ஒரே ஆட்டம் வேண்டாம். நடனம், சமநிலைப் பயிற்சி, ஸ்கிப்பிங், தனி ஆள் விளையாட்டு எல்லாம் கலந்து வரட்டும். குழு ஆட்டத்தில் ஒளிந்துகொள்ளும் சில பிள்ளைகள் கயிறு கையில் வந்ததும் அசந்துபோகும்படி ஆடுவார்கள்.

ஒற்றை ஆசிரியரால் எல்லா வகுப்பையும் பார்க்க முடியாத பள்ளிகளில் வகுப்பாசிரியர்களைப் பழக்கலாம். இதற்கு ஆதாரம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 7 தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஸ்பார்க் என்ற உடற்கல்வித் திட்டத்தின் முடிவுகள் 1997இல் வெளியாயின. வழக்கமான வகுப்பில் பிள்ளைகள் வாரத்துக்கு 18 நிமிடம் அசைந்தார்கள். பயிற்சி பெற்ற வகுப்பாசிரியர்கள் நடத்தியபோது அது 33 நிமிடம், உடற்கல்வி வல்லுநர்கள் நடத்தியபோது 40 நிமிடம். கூடுதல் நேரத்தை உடற்கல்விக்குக் கொடுத்ததால் படிப்பு கெட்டுவிடவில்லை என்பதையும் அதே திட்டத்தின் அடுத்த ஆய்வு காட்டியது. தேர்வு நெருங்கும்போது பாடவேளையைக் கேட்டு வருபவரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: மதிப்பெண்

ஓட்டத்தில் எடுத்த நேரத்துக்கு மதிப்பெண் போட்டால், பிறப்பிலேயே வேகமானவருக்குப் பரிசும் மற்றவருக்குத் தண்டனையும் கிடைக்கும். சீருடைக்கும் வருகைக்கும் மட்டும் போட்டால் கற்றதற்கு ஒன்றுமே இல்லை. திறன் தாளில் போன முறை 'இல்லை' என்றிருந்தது இப்போது 'ஆம்' ஆகியிருக்கிறதா, ஆட்டத்தில் சரியான இடத்துக்கு நகர்கிறாரா, இணையாளருக்கு உதவுகிறாரா என்று பார்த்துப் போடுங்கள். அறிக்கையில் பெற்றோருக்கு ஒரு வரி எழுதுங்கள். 'நன்று' என்ற ஒற்றைச் சொல்லைவிட 'இடது கால் வைத்து எறியக் கற்றுக்கொண்டாள்' என்ற வரியை அவர்கள் வீட்டில் சத்தமாகப் படிப்பார்கள்.

பத்தாம் படி: மறுபடி எண்ணுவது

12 வாரம் கழித்து அதே வகுப்பு, அதே நேரம், முடிந்தால் அதே ஆள். புதிய சீட்டுக் குலுக்கல், அதே 10 விநாடிக் கணக்கு. எண் ஏறாவிட்டால் பக்கத்து நிரலைப் பாருங்கள். ஏற்பாட்டு நேரம் குறையவில்லையா, விளக்கம் மறுபடி நீண்டுவிட்டதா, அல்லது பாடவேளையே நடக்கவில்லையா என்று அதிலேயே தெரியும். ஏறியிருந்தால் அடுத்த இரண்டு குறைகளை எடுங்கள். தாள்களை ஆண்டுவாரியாக ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். ஆசிரியர் மாறினாலும் கோப்பு இருக்கும்.

சீட்டில் யார் பெயர் வந்தாலும், எண்ணி முடித்த பிறகு இன்னும் 5 நிமிடம் உட்கார்ந்திருங்கள். துணிப்பை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். யாராவது ஒருவர் கையில் இருந்தால், அந்தப் பிள்ளைதான் அடுத்த பருவத் திட்டத்தின் முதல் வரி. மரக்கிளையிலோ ஆணியிலோ தொங்கிக்கொண்டிருந்தால், அந்தத் தேதியைத் தாளின் மேல் ஓரத்தில் குறித்து வையுங்கள்.